வடசென்னைக்கு அப்பால் நிலம் வைத்திருப்பவர்கள் மண்ணையும் நீரையும் காக்க அரசு உதவி பெறும் வழி

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் மாதவரத்திலும் குடியிருப்பவர்களில் கணிசமானவர்களுக்குச் செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் அரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ பூர்வீக நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகமும் விளைந்த அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டோ தரிசாகப் போட்டோ வைத்திருந்து, ஏதோ ஓர் ஆண்டில் திரும்பிப் பார்க்கும்போது, மண்ணில் வெள்ளை பூத்திருப்பதும் போர் தண்ணீர் கரிப்பதும் தெரியவருகிறது. அப்போது யாராவது "அதுக்கு மானியம் இருக்குதே" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தாளோடு, எந்த மாதத்தில் போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மீஞ்சூருக்கு அப்பால் இருக்கும் ஒன்றரை ஏக்கருக்காக அப்படி நின்றவன்தான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் திட்டங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதில் மானியம் அதிகம் என்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நிலத்துக்கு என்ன நோய் என்பதையும், உங்கள் பெயரில் என்ன தாள் இருக்கிறது என்பதையும் முதலில் தீர்த்துக்கொண்டால், எந்தத் திட்டம் உங்களுக்கு என்பது தானாகவே தெரிந்துவிடும். எனவே அந்த வரிசையிலேயே போகலாம்.

முதலில் தாள்கள்

கிராம நிர்வாக அலுவலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சிட்டாவுல இன்னும் உங்க தாத்தா பேருதானே இருக்குது?" என்பதுதான். அவர் கணினியைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேரின் கதை அதுதான் என்பது அவருக்குத் தெரியும். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாக நடந்து, ஆளுக்கொரு பக்கம் பயிர் வைத்து, பட்டா மட்டும் இறந்துபோன ஒருவர் பெயரிலேயே நின்றுவிட்டால், எந்த மானிய விண்ணப்பமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலையாக, வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்து உங்கள் பட்டாவையும் புலப்படத்தையும் இறக்கிப் பாருங்கள். அதே இடத்தில் அ-பதிவேட்டின் விவரத்தையும் பார்த்து, நிலம் நஞ்சையா புஞ்சையா, ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) புறம்போக்கா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தையும் கொசஸ்தலையாற்றையும் ஒட்டிய கிராமங்களில் இந்தக் கடைசிச் சோதனை முக்கியமானது. பல தலைமுறையாக அனுபவத்தில் இருக்கும் துண்டு, பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அதற்கு எந்த உதவியும் கிடைக்காது; அதில் குட்டை வெட்டுவதும் வரப்பு போடுவதும் உங்களுக்கே வினையாக முடியும்.

பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். உட்பிரிவு செய்யத் தேவையில்லாத மாறுதல் விரைவில் முடியும். உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டியிருப்பதால் காலம் பிடிக்கும். கூட்டுப் பட்டாவாக இருப்பவர்கள், தங்கள் அனுபவத்தில் உள்ள பரப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றாகப் பெற்றும், பங்காளிகளின் ஒப்புதலைப் பெற்றும் சில திட்டங்களில் விண்ணப்பிக்க முடியும் என்றாலும், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நன்றாக இருக்கும் காலத்திலேயே தனிப்பட்டா வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது அடங்கல். எந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது என்பதைக் காட்டும் கணக்கு இது. தரிசாகக் கிடந்த நிலம் அடங்கலிலும் தரிசு என்றே இருக்கும். அதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பயிர் வைத்திருந்தும் அடங்கலில் ஏறாமல் இருந்தால் சொட்டுநீர் விண்ணப்பம் திரும்பி வரும். பயிர் நிற்கும்போதே அதைப் பதியச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது தாள் சிறு, குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பரிந்துரைக்குப் பிறகு வட்டாட்சியர் வழங்குகிறார். உங்களுக்கு வேறு ஊர்களில் நிலம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கு. செய்யாற்றில் மனைவி வழி வந்த நிலம் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம், எல்லாம் ஆதாரோடு இணைந்துகொண்டே வருகிறது. பட்டியல் வகுப்பு, பழங்குடியினரைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் பல திட்டங்களில் கூடுதலாக 20 சதவீத மானியம் இருப்பதால், அவர்கள் சாதிச் சான்றையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு, 2025-இல் தமிழ்நாட்டில் பதிவு தொடங்கிய விவசாயிகளின் தனித்துவ அடையாள எண்ணையும் பெற்றுவிடுங்கள். பட்டா, ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி எண் ஆகிய மூன்றும் இருந்தால் கிராமத்தில் நடக்கும் முகாமிலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். கைபேசி எண் ஆதாரில் பழையதாக இருப்பதுதான் இங்கே வழக்கமான தடங்கல். சரிபார்ப்புக்கான ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) யாரோ ஒருவருடைய தொலைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. மாதவரம், மணலி, திருவொற்றியூர் ஆகியவை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லையும் விரிந்தது. ஆனால் விவசாய நிலம் மிகுந்திருக்கும் புழல், சோழவரம், மீஞ்சூர் ஒன்றியங்களின் வேளாண்மை நிர்வாகம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இங்கே கணக்கில்லை; நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. தண்டையார்பேட்டை முகவரியில் ஆதார் வைத்துக்கொண்டு மீஞ்சூர் வட்டாரத்தில் விண்ணப்பிப்பதில் தடையில்லை.

வட்டார அளவில் மூன்று துறைகள் உங்களுக்கு வேண்டியவை. நெல், நிலக்கடலை, பயறு வகை, பசுந்தாள் உர விதை, மண் பரிசோதனை என்றால் வேளாண்மைத் துறை. கீரை, காய்கறி, மல்லிகை, மா, அவற்றுக்கான சொட்டுநீர் என்றால் தோட்டக்கலைத் துறை. பண்ணைக்குட்டை, சூரிய சக்தி பம்புசெட், இயந்திரங்கள் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. எதில் சந்தேகம் வந்தாலும் ஒன்றியத்தின் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், உங்கள் கிராமத்தைப் பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று கேளுங்கள். 'உழவரைத் தேடி வேளாண்மை' என்ற பெயரில் கிராமங்களுக்கே வந்து நடத்தும் முகாம்களிலும் மூன்று துறையினரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். உழவன் செயலியில் உங்கள் பெயரைப் பதிந்துவைத்தால் மானியத் திட்டங்களின் விவரமும், உங்கள் கிராமத்துக்கு அலுவலர் வரும் நாளும் அதிலேயே தெரியும்.

மாவட்டத் தலைமையிடம் வரை போக வேண்டிய வேலைகளை மட்டும் சேர்த்துவைத்து ஒரே பயணமாக முடியுங்கள். மீஞ்சூரிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து, வேறு பாதையில் வண்டி மாறி மேற்கே போக வேண்டும். ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் போய்விடும்.

மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு மனையும் மொட்டை மாடியும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்ன வட்டாரத் திட்டங்களில் பெரும்பாலானவை பொருந்தா. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளைகள் (கிட்) அவர்களுக்கு உண்டு. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு அடைத்துக் கிடக்கிறதா என்று ஐப்பசிக்கு முன் பார்த்துக்கொள்வது அவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியது.

நிலத்துக்கு என்ன நோய்?

இந்தப் பகுதியில் சற்று நின்று நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் பலரும் தவறுவது இங்கேதான்.

மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது புதிய செய்தியல்ல. 1960-களின் இறுதியிலேயே அது ஆய்வில் பதிவானது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட மணல் படுகையிலிருந்து நகரத்தின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் பல பத்தாண்டுகளாக நீர் இறைத்ததில், நல்ல நீரின் அழுத்தம் குறைந்து, உப்புநீர் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. ஆகவே பக்கத்து நிலத்துக்காரர் இனிப்பான தண்ணீர் எடுக்கிறார் என்பதற்காக உங்கள் போரிலும் அப்படி வரும் என்று நினைக்க முடியாது. நூறடி தள்ளி இன்னொரு போர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் போர்வண்டிக்காரரின் பேச்சை நம்பிச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

எனவே மண்ணையும் நீரையும் சோதித்துவிட்டுத்தான் திட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மண் மாதிரி எடுக்க ஏற்ற காலம் அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடுவதற்கு முன். வரப்போரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம், மோட்டார் கொட்டகைக்குப் பக்கம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஓர் ஏக்கரில் பத்துப் பதினைந்து இடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் கையால் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி அந்த மண்ணைத் தள்ளிவிடுங்கள். பிறகு குழியின் ஒரு சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, விரற்கடை கனத்துக்குச் சீவி எடுப்பதுதான் மாதிரி. எல்லா இடத்து மண்ணையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, சாக்கின் மேல் வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை மீண்டும் பரப்பி மீண்டும் பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்தால், துணிப்பையில் போட்டுப் பெயர், புல எண், முந்தைய பயிர், அடுத்த பயிர் எழுதிக் கொடுக்கலாம். வெள்ளை பூத்திருக்கும் திட்டை மற்ற மண்ணோடு கலக்காமல் தனி மாதிரியாக எடுங்கள். கலந்துவிட்டால் நல்ல மண்ணும் கெட்டதாகத் தெரியும், கெட்ட மண்ணும் நல்லதாகத் தெரியும்.

தண்ணீருக்கு, மோட்டாரை கால் மணி நேரமாவது ஓடவிட்டு, அதே நீரால் புட்டியை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு ஒரு லிட்டர் பிடியுங்கள். பழைய குளிர்பானப் புட்டியில் சர்க்கரைப் பிசுக்கோடு கொண்டுபோக வேண்டாம்.

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் சொற்பக் கட்டணத்தில் இவற்றைச் சோதித்துத் தருவார்கள். மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியபோதே 12 அளவுகள் நிர்ணயிக்கப்பட்டன: தழை, மணி, சாம்பல், கந்தகம் ஆகிய நான்கு சத்துகள், துத்தநாகம் முதல் போரான் வரை ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்கக கரிமம். நம் பக்கத்துக்காரர்கள் கடைசி மூன்றில் முதலிரண்டை முதலில் பார்க்க வேண்டும். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேலும் கார அமில நிலை 8.5-க்குக் கீழும் இருந்தால் அது உவர் மண். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, சோடியம் மிகுந்து, ஈரத்தில் வழவழப்பாகவும் காய்ந்தால் கல்லாகவும் இருந்தால் அது களர் மண். பேச்சில் இரண்டையும் உப்பு மண் என்றே சொல்கிறோம். ஆனால் மருந்து வேறு. களருக்கு ஜிப்சம் போட்டு, நீர் கட்டி, வடிக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை ஆய்வறிக்கைதான் சொல்ல வேண்டும். உவருக்கு வேண்டியது மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வெளியேற்றும் வடிகால். உவர் நிலத்தில் மானிய விலை ஜிப்சத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு, வடிகால் எடுக்காமல், உப்பின் மேல் உப்பு சேர்த்த வயல்களை நான் பார்த்திருக்கிறேன்.

திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் இந்த அறிக்கையைக் காட்டி, எந்த நெல் ரகம், எந்தப் பயிர் தாங்கும் என்று கேட்டுக்கொள்வது பயனுள்ளது. திருச்சியில் உவர், களர் நிலங்களுக்கென்றே உருவாக்கிய நெல் ரகங்கள் இருக்கின்றன.

எந்த நோய்க்கு எந்தத் திட்டம்

மண் சோர்ந்திருக்கிறது, அங்கக கரிமம் குறைவு என்றால் பசுந்தாள் உரத்திலிருந்து தொடங்குங்கள். 2024-25-இல் தொடங்கிய முதலமைச்சரின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானிய விலையில் வழங்கப்படுகிறது. உப்பைத் தாங்கி வளர்வதால் நம் பக்கத்துக்குத் தக்கைப்பூண்டு ஏற்றது. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில், அதாவது 40 முதல் 50 நாளுக்குள், தண்டு நார்ப்பிடிக்கும் முன் மடக்கி உழ வேண்டும். விதைப்பதற்கு வாங்கிய விதையைக் கொல்லையில் மூட்டையாக வைத்துவிட்டு மழை வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த ஆண்டை இழக்கிறார்கள். கோடை மழையிலேயே விதைத்துவிட வேண்டும்.

மேல்மண் அடித்துப் போயிருந்தால் ஏரி வண்டல். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, அறிவிக்கப்பட்ட ஏரி, குளங்களில் 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்பது அளவு. கோடையில் ஏரி வற்றியிருக்கும் சில வாரங்களில்தான் இது நடக்கும் என்பதால், மாசியிலேயே தாளைத் தயாராக வைத்திருங்கள். மண் இலவசம், டிராக்டர் வாடகையும் அள்ளும் கூலியும் உங்களுடையவை. அனுமதி பெற்ற புல எண்ணைத் தவிர வேறெங்கும், அதிலும் செங்கல் சூளைக்கு, ஒரு நடை இறக்கினாலும் அது குற்றம். கடலோரத் தாங்கல்களின் வண்டலிலேயே உப்பு இருக்கக்கூடும். ஒரு சட்டி மண்ணை முதலில் சோதனைக்குக் கொடுத்துவிட்டு லோடு அடியுங்கள்.

தண்ணீர் குறைவு என்றால் நுண்ணீர்ப் பாசனம். சொட்டுநீருக்கும் தெளிப்புநீருக்கும் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அரசு நிர்ணயித்த அலகுச் செலவுக்குத்தான் இந்த நூறு. அதற்கு மேல் நீங்கள் கேட்கும் வசதிக்கு நீங்கள்தான் தர வேண்டும். பட்டா, அடங்கல், புலப்படம், சிறு விவசாயி சான்று, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், மண், நீர் ஆய்வறிக்கை ஆகியவற்றோடு 'மிமிஸ்' இணையத்தில் பதிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்வு செய்யலாம். நிறுவனத்தார் வயலை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தருவார்கள். துறை பரிசீலித்துப் பணி ஆணை தரும். அதன் பிறகு குழாய் பதித்து, அலுவலர் வந்து படம் எடுத்து, மானியம் நிறுவனத்துக்கு நேராகப் போகும். குத்தகைக்காரர் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஏழு ஆண்டுக்குக் குறையாத குத்தகைப் பத்திரம் வேண்டும். ஒருமுறை பெற்ற நிலத்துக்கு மீண்டும் பெறவும் ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும்.

இதில்தான் நான் ஏமாந்தேன். விண்ணப்பம் பதிந்த மறுவாரம், பாரிமுனையில் ஒரு கடைக்காரர், "இப்ப எடுத்துட்டுப் போங்க சார், பில்லை வெச்சு அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். வெண்டை விதைக்கும் அவசரத்தில் நானும் எடுத்துவந்து பதித்துவிட்டேன். கள ஆய்வுக்கு வந்த அலுவலர் வரப்பில் நின்றபடியே குழாய்களைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் காலணியைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, ஒரு பக்கக் குழாயைத் தூக்கி, அதில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "பணி ஆணைக்கு முன்னாடி போட்டதுக்கு நான் எதுவும் செய்ய முடியாதுங்க" என்றார். பட்டியலில் இல்லாத பொருள், ஆணைக்கு முன் செய்த செலவு: இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், எனக்கு இரண்டும் இருந்தன. குட்டை, சூரிய பம்பு, இயந்திரம் என எதற்குமே இது பொருந்தும். ஆணை கையில் வரும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

உப்புநீரில் சொட்டுநீர் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈரம் பரவும் வட்டத்தின் விளிம்பில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். முதல் தூறலில் அது கரைந்து வேருக்குள் இறங்கி, செடி ஒரே நாளில் வாடிவிடும். தூறல் தொடங்கும்போது மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டு, உப்பை வேருக்கு வெளியே தள்ளுவதே வழி. பார்ப்பவர்கள் பைத்தியக்காரன் என்பார்கள்.

நுண்ணீர்ப் பாசனத்தோடு சேர்ந்த துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் மோட்டாருக்கு 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. குழாய்க்கிணறு அமைக்க உதவி, நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள குறுவட்டங்களுக்கு (பிர்க்கா) மட்டும்தான். உங்கள் குறுவட்டம் எந்த வகை என்று கேட்காமல் அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். சூரிய சக்தி பம்புசெட்டுக்கு 60 சதவீத மானியம் என்பது பொதுப் பிரிவினருக்கு.

மழைநீரைத் தேக்கப் பண்ணைக்குட்டை நல்ல யோசனைதான். நூறடிக்கு நூறடி என்று பேச்சில் சொல்லப்படும் 30 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட குட்டை, கரைச் சரிவைக் கழிக்காமல் கணக்கிட்டால் 18 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆனால் மீஞ்சூருக்குக் கிழக்கே ஆழமாக வெட்டினால் அடியிலிருந்து உப்புநீர் ஊறிவிடும். குட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன், பங்குனி, சித்திரையில் அதே இடத்தில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, மறுநாள் காலையில் ஊறியிருக்கும் நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாமா என்று பொறியியல் துறையினரிடம் கேளுங்கள், அல்லது அந்த யோசனையைக் கைவிடுங்கள்.

வரப்பில் மரம் வைக்க விரும்புபவர்களுக்கு 2021-22-இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் இருக்கிறது. கன்றுகள் வனத்துறை நாற்றங்காலிலிருந்து இலவசமாக வரும். வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50, அடர் நடவுக்கு 160 என்பது திட்டத்தின் கணக்கு. பிழைத்து நிற்கும் கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. தேக்கும் செம்மரமும் என்று பட்டியலைப் பார்த்துக் கண் விரிகிறது. கடற்காற்றும் உவரும் உள்ள நிலத்தில் புங்கனும் வேம்பும்தான் நின்றன. சந்தனம் வைப்பவர்கள், பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் அதை வனத்துறை வழியாகவே விற்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். எந்த மரமானாலும் நட்டதும் அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். இருபது ஆண்டு கழித்து வெட்டும்போது அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

விண்ணப்பித்த பிறகு

ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்கியதும் விண்ணப்பிப்பவருக்கும், தை மாதத்தில் விண்ணப்பிப்பவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வட்டாரத்துக்கு ஒதுக்கிய இலக்கு முடிந்துவிட்டால் தகுதி இருந்தும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். எனவே சான்றுகளையும் ஆய்வறிக்கையையும் பங்குனிக்குள் முடித்துவைத்துவிட்டு, சித்திரையில் போய் நில்லுங்கள்.

பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கள ஆய்வு நாளில் நீங்கள் வயலில் இருக்க வேண்டும். அலுவலர் எடுக்கும் படத்தில் நீங்களும் வேலையும் ஒன்றாகத் தெரிய வேண்டும், இருப்பிடக் குறியீடும் அதில் பதிவாகும். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லித் திங்கட்கிழமை வருவதும் நடக்கும். நகரத்தில் வேலையில் இருப்பவர்கள், அப்பாவையோ அண்ணனையோ அங்கே நிற்கவைத்துவிட்டு விண்ணப்பம் தன் பெயரில் இருக்கிறது என்றால் அந்தப் படம் செல்லாது. யார் பெயரில் பட்டாவோ அவரே வர வேண்டும்.

இடைத்தரகர் ஒருவர் எப்படியும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்குக் கொடுக்கும் ஐயாயிரத்தில் அவர் செய்வது, இ-சேவை மையத்தில் சிறு கட்டணத்துக்கு நீங்களே செய்யக்கூடியதுதான். விண்ணப்பம் காரணமின்றி நிற்கிறது என்று தோன்றினால் விவசாய உதவி மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்து மூலமாக மனு கொடுத்து, மனு எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம். கோபமாகப் பேசுவதைவிட, தேதிகளை வரிசையாக எழுதிய ஒரு பக்க மனுவுக்குப் பதில் விரைவில் வந்ததை நான் கண்டேன்.

கடைசியாக, முதல் மண் மாதிரி எடுத்த இடங்களில் ஒன்றிரண்டுக்கு அருகே வரப்பில் ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பு அடித்துவையுங்கள். தக்கைப்பூண்டும் வண்டலும் மழையும் ஒரு சுற்று வந்தபின், சம்பா அறுவடை முடிந்ததும் அதே கல்லிலிருந்து அதே தூரத்தில் மீண்டும் மாதிரி எடுத்துக் கொடுத்து, இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மின்கடத்தும் திறன் இறங்கியிருந்தால் அதே வழியில் தொடரலாம். இறங்காவிட்டால், அடுத்த மானியத்துக்கு எழுதிப் போடுவதற்கு முன் வடிகாலைப் போய்ப் பாருங்கள். என் வயலில் அது பக்கத்து வயல்காரர் போட்ட மண்ணில் மூடிக் கிடந்தது.